நிமலினி மிஸ்ஸின் கணினியில் இருந்த திகதி

சுன்னாகத்தில் நான் கூட்டித் துடைத்துத் தேநீர் ஊற்றும் கந்தோரில் நிமலினி மிஸ் மென்பொருள் எழுதுகிறார். மானிப்பாய்ப் பிள்ளை. பிழை வந்தால் தேநீரைத் தொடமாட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று கோப்பையும் நிரம்பியபடியே இருந்தன.

ஆறு கிழமையாக எழுதிய நிரலை நான்கு மணிக்குள் கொழும்பில் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கணினிக் களஞ்சியத்துக்கு ஏற்றவேண்டும். தவறினால் வேலை வேறு ஆட்களுக்குப் போய்விடும். மிஸ்ஸை நிரந்தரமாக்கும் பேச்சும் போய்விடும். களஞ்சியத்தின் சான்றிதழ் காலாவதியாகி, போன கிழமைதான் புதியது போட்டார்கள். அது அடையாள அட்டை போன்றதாம். மற்றக் கணினிகள் அதை ஏற்றன. மிஸ்ஸின் கணினி மட்டும் ‘காலம் செல்லாது’ என்றது. இரண்டு நாளாகப் பழையதை அழிப்பதும் புதியதைப் போடுவதும்தான்.

“புதுசைக் குடுத்தாலும் செல்லாதாம். உதுக்கென்ன விசரோ?” என்றார் மிஸ் தொலைபேசியில்.

கொழும்பில் களஞ்சியத்தைப் பார்க்கும் றோகான் மறுமுனையில் சிரித்தார். “உம்மடை கொம்பியூட்டருக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போல.”

“பகிடி விடாதையும், றோகான். அரை மணித்தியாலம்தான் கிடக்கு.”

கோப்பைகளை எடுக்கப் போன நான் மெல்லச் சொன்னேன். “மிஸ், உதிலை திகதி இருபது நாள் பிந்திக் கிடக்கு.”

மிஸ் திரையின் மூலையைப் பார்த்தார்.

விஜயதசமிக்கு வரவேண்டிய கணினி இருபது நாள் பிந்தித்தான் வந்தது. முதலாளி நமசிவாயம் ஐயா, விஜயதசமியன்று தொடங்கியதாக இருக்கட்டும் என்று திகதியைப் பின்னுக்கு வைத்து, ‘சிவமயம்’ என்று தட்டச்சு செய்து முதல் கோப்பாகச் சேமித்து, சந்தனப் பொட்டும் வைத்தார். திருப்பி மாற்றவில்லை. அந்தக் கணினிக்குப் புதிய சான்றிதழின் முதல் நாளே இன்னும் வரவில்லை.

மிஸ் திகதியை மாற்றப் போகவும் ஐயா எழுந்து வந்தார். “இப்ப இராகுகாலம், பிள்ளை. நாலரை கழியட்டும், மாத்துவம்.”

“நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள், ஐயா.”

“நல்ல நாளிலை தொடங்கினது.”

“ஓம் ஐயா. அதிலையேதான் நிக்குது.”

மிஸ் திகதியை மாற்றினார். எட்டு நிமிடம் இருக்கும்போது நிரல் போய்ச் சேர்ந்தது. ஐயா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். “அருமையக்கா, உது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“ரெண்டு கிழமை இருக்கும்.”

“பின்னை ஏன் சொல்லேல்லை?”

“படிச்ச ஆக்கள், ஏதோ தேவைக்கு வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன்.”

மிஸ் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டார். “ரெண்டு நாள், அக்கா,” என்றார். “முழுசா ரெண்டு நாள்.”