வைவா அன்று நான் பிடுங்கிய காற்று

என் புத்திகெட்டதனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி எம்.ஏ. படிப்பின் கடைசி நேர்முகத் தேர்வான வைவாவுக்குப் புறப்பட வேண்டிய நாளில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, திருடன் மாதிரி குனிந்து உட்கார்ந்து அவளுடைய ஸ்கூட்டியின் பின் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கினேன். பிடுங்கும்போது புஸ்ஸென்று வந்த சத்தத்துக்கு நானே பயந்து விரலால் அடைத்தேன். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வேலைக்குக் கிளம்பினேன்.

நான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறவன். எங்கள் தொழிலில் லைன் என்று ஒன்று உண்டு. துறைமுக வாசலில் தொடங்கும் வரிசை சில நாள் திருவொற்றியூர் தாண்டியும் வால் நீட்டி நிற்கும். உள்ளே போக ஆறு மணி நேரமும் ஆகும், பதினாறு மணி நேரமும் ஆகும். லைனை வெட்டி முன்னால் நுழைகிறவனை நாங்கள் அடிப்பதில்லை. அவன் டீ குடிக்க இறங்கும்போது டயரின் பின்னைக் கழற்றிக் காற்றை இறக்கிவிடுவோம். நின்ற இடத்திலேயே நிற்பான். பல வருடம் அடுத்தவனுக்குக் கொடுத்த இந்தத் தண்டனையைக் கட்டிய மனைவிக்கும் கொடுக்கலாம் என்று தோன்றியதே, அந்த மூளையைத்தான் வாடகைக்கு விடலாமா என்று பார்க்கிறேன்.

காரணம் பயம். டிரெய்லரின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும் ஸ்கூட்டி தெரியாது. கண்ணாடியிலும் தெரியாது. ஒருமுறை எர்ணாவூர் வளைவில் வண்டியை இடது பக்கம் ஒடிக்கும்போது கதவில் தட்டும் சத்தம் கேட்டு பிரேக்கை மிதித்தேன். எட்டிப் பார்த்தால் கீழே ஒரு பெண், முதுகில் கல்லூரிப் பை, ஒரு கையால் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன். இஞ்சிச் சாறு கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் நடுங்கினேன்.

அந்தச் சாலையில்தான் என் மனைவி தினமும் ராயபுரம் பக்கம் கல்லூரிக்குப் போய் வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.ஏ. முடித்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, சின்னவன் பள்ளிக்கூடம் போன பிறகு சமூகப்பணியில் எம்.ஏ. சேர்ந்தவள் அவள். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், எங்கள் குடியிருப்பில் கல்லூரி சேரும் பெண்கள் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். படிப்பு ஏறாததால் நின்றவர்களைவிட, சாலைக்குப் பயந்து வீட்டு ஆண்கள் நிறுத்திவைத்தவர்கள்தான் அதிகம் என்று கண்டுபிடித்தாள். காலையில் அந்தப் பக்கம் நேரத்துக்குப் பஸ் கிடையாது. பஸ் நிற்கும் இடத்தில் விளக்கு கிடையாது, கழிப்பறை கிடையாது. கல்லூரியே ஒரு பஸ் விட வேண்டும், நின்றுபோன பெண்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மனு எழுதி, அந்தப் பெண்களிடமே கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள்.

என்னையும் ஒரு நாள் உட்காரவைத்து விசாரித்தாள்.

"நான் லேட்டா வந்தா உனக்கு மொதல்ல இன்னா தோணும்?"

"லெப்ட்டு முன் வீலு."

"எழுதிக்கிறேன்."

"பேரு போடாத மே."

"போடல. ஓட்டுநர், வயசு நாப்பத்திரெண்டு, பத்தாவது பெயிலு."

"பெயில எதுக்கு போடுற?"

"ஆராய்ச்சின்னா எல்லாம் போடணும்யா."

அந்த ஆய்வு நூறு பக்கத்துக்கு மேல் அச்சாகி, அட்டை போட்டு வீட்டுக்கு வந்தது. நான் அட்டையைத் தடவிப் பார்த்தேன். உள்ளே படிக்கவில்லை.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்து கேள்வி கேட்பார். அந்த ஒரு நாள்தான் வருவார். காலை பத்து மணி. அது முடிந்த கையோடு மனுவைக் கல்லூரி முதல்வரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "இத்த வுட்டா இன்னொரு வருசம் இஸ்துக்கினு போவ எனக்கு தெம்பு இல்லயா. அவ்ளோதான், முடிஞ்சிடும்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது. அவசரமாகப் போகிறவர்கள்தான் இடது பக்கம் புகுவார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே காற்றைப் பிடுங்கினேன். காற்று இல்லாவிட்டால் பஸ்ஸில் போவாள், பஸ் பெரிய வண்டி, பத்திரம் என்பது என் கணக்கு. பஸ் இல்லை என்றுதான் அவள் நூறு பக்கம் எழுதியிருக்கிறாள். ஒரு பக்கமாவது படித்திருக்கலாம்.

காலை ஒன்பதே முக்கால் இருக்கும். என் டிரெய்லர் திருவொற்றியூரில் லைனில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் இருந்த வண்டிக்காரன் இறங்கி வந்து, டோல்கேட் தாண்டி ஒரு டிரெய்லர் ஸ்கூட்டியை இடித்துவிட்டது என்றான்.

"யாரு?"

"லேடீஸு. தோள்ல பையி மாட்டிக்கினு இருந்துச்சாம்."

முதலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஸ்கூட்டி வீட்டு வாசலில் அல்லவா நிற்கிறது. ஆனாலும் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எதிர்வீட்டு அக்காவுக்குப் போட்டேன்.

"அவ அப்பவே போய்ட்டாளேப்பா. வண்டில காத்து இல்லன்னு தள்ளிக்கினே போனா. பஞ்சர் கட ஒம்போதுக்குத்தான தெறக்கும். பாவம், லேட்டாயிட்ச்சின்னு அழுவாத கொறதான். காத்து போட்டதும் ஒரே முறுக்கா முறுக்கிக்கினு போச்சாம் பொண்ணு."

நான் காற்றைப் பிடுங்காமல் இருந்திருந்தால் எட்டரைக்கே கிளம்பி, அந்த டிரெய்லர் அங்கே வருவதற்கு முன்பே கல்லூரிக்குள் போயிருப்பாள். அவளை அந்தச் சக்கரத்துக்கு நேராக அனுப்பிவைத்தவன் நான்தான். சட்டைப் பையில் அந்தப் பின் ஊசி மாதிரி குத்தியது.

லைனில் நிற்கும் வண்டியை விட்டுப் போனால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். அதனால் அவசரத்துக்குப் போகிறவன் பின்வண்டிக்காரனிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அவன் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி நகர்த்துவான்.

"மாமு, சாவிய புடி. வண்டிய நவுத்திக்கினே இரு."

"இன்னாடா மூஞ்சி இப்டி கீது? உன் கிளச்சு வேற என் மாமியா மாரி, நவுராதே."

பின்வண்டிக்காரரிடம் சாவியை நீட்டினேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

லைன் ஓரமாகவே ஓடினேன். டிரெய்லர் ஓட்டுகிறவனின் ஓட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள என் தொப்பையைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சேதி சொன்னார்கள். ஒருவர், ஒண்ணும் இல்லப்பா, லேசா ஒரசிட்ச்சி என்றார். பத்து வண்டி தள்ளி ஒருவர், ரெண்டு பேராம் என்றார். அதற்கடுத்து ஒருவர், ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போய்ட்டாங்க என்றார். நல்ல சேதி சொன்னவரை நம்ப முடியவில்லை. கெட்ட சேதி சொன்ன எல்லோரையும் நம்பினேன்.

கூட்டம் தெரிந்தது. டிரெய்லரின் முன் பம்பருக்குக் கீழே கறுப்பு ஸ்கூட்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. அவளுடையதும் கறுப்பு. யாரோ ஒருவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

சாலை நடுவில் சிமெண்ட் தடுப்பில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஏதோ கம்பெனியின் நீலக் கோட்டு. முழங்கையில் ரத்தம். தோளில் சாப்பாட்டுப் பை. ஒருவர் தண்ணீர் ஊற்ற, முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, உன் வூட்டு ஆளுன்னு நெனச்சிக்கினு ஓடியாந்தியா?" என்றார்.

"ஆமாம்மா."

"இல்லன்னதும் மூஞ்சில வெளக்கு எரியுது பாரு."

வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய ஸ்கூட்டியை இழுத்து நிமிர்த்தி ஓரமாக நிறுத்திக் கொடுத்தேன். டிரெய்லர் ஓட்டுநர், என்னைவிட இளையவன், சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். "தெரியலண்ணா, சத்தியமா தெரியலண்ணா" என்று என்னிடம் சொன்னான். எனக்குத் தெரியும் என்றேன்.

அது அவள் இல்லை என்றால், அவள் எங்கே? அந்தக் கேள்வி வந்ததும் விட்ட இடத்திலிருந்து பயம் மறுபடி தொடங்கியது. கல்லூரி வரைக்கும் இன்னும் எத்தனை வளைவு, எத்தனை டிரெய்லர். ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனேன். வழியில் சாலையில் கிடந்த சாக்குத் துணி ஒன்று என் உயிரில் பாதியை எடுத்துவிட்டது.

பெண்கள் கல்லூரி. காவலாளி கேட்டிலேயே மறித்தார்.

"ஜென்ட்ஸ் உள்ள வரக் கூடாது."

"எம்.ஏ. வைவா நடக்குது இல்ல சார், அதுக்கு..."

"நீயா எழுதுற?"

"என் சம்சாரம். வந்துட்டாங்களான்னு மட்டும்..."

"அப்போ அவங்கதான் உள்ள போவணும், நீ இல்ல. அப்படி நில்லு."

கம்பி வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தேன். வரிசையாக ஸ்கூட்டிகள். மூன்றாவதோ நான்காவதோ, முன்பக்கம் என் சின்ன மகன் ஒட்டிய பச்சை டைனோசர் ஸ்டிக்கர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி வந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். லேட்டாக ஓர் அம்மா ஓடிப்போனதாகவும், அவரைத் தேர்வுக்கு விட்டார்களா இல்லையா என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். மிச்சமிருந்த பயத்தை அதற்குச் செலவழித்தேன்.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாள். கூடப் படிக்கும் நாலைந்து சின்னப் பெண்களும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்களை அனுப்பிவிட்டு, ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தாள்.

"முடிஞ்சுதா மே?"

"முடிஞ்சுது. நான் வர்ற வரைக்கும் அந்த பொண்ணுங்க எனக்கு முன்னாடி ஒவ்வொருத்தியா போயி குந்திக்கினாங்க. கடசியா என்ன கூப்டாங்க. நல்லா இருக்குன்னாங்க."

"மனு?"

"வாங்கிக்கினாங்க. பாக்குறேன்னாங்க. அடுத்த வாரம் போயி மறுபடி கேப்பேன். பஸ்ஸு வர்ற வரைக்கும் கேப்பேன்."

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"பஞ்சர் கடக்காரரு பாத்த ஒடனே சொன்னாரு. இது ஆணி குத்தி போன காத்து இல்லமா, பின்ன கழட்டிக்கீறான், லைன்ல நிக்கிறவன் வேலன்னு. எனக்கு தெரிஞ்ச லைன்காரன் எத்தினி பேருயா கீறான்?"

சட்டைப் பைக்கு மேல் கை தானாகப் போனது. சிரிக்கவைத்துத் தப்பிக்கலாம் என்று ஏதாவது சொல்லப் பார்த்தேன்.

"தப்புதான் மே. தெனம் நீ கெளம்புனா நீ வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. இன்னிக்கு டோல்கேட்டாண்ட அடிபட்டது நீதான்னு நெனச்சி ஓடியாந்தேன். பயம் மே. நான் இன்னா பண்றது?"

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

"பயந்துக்கோ, வண்டில மட்டும் கை வெக்காத."