மன்னிப்புக் கேட்காத குரங்கு

தங்கம்மா அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் நோர்வூட்டிலிருந்து போன் பண்ணிச் சொன்னாள்.

அதற்குள் ஒரு போஸ்ட் சுற்றுகிறது... அக்கா சொன்ன கதையில் குரங்கு கடைசியில் தோட்டத்துத் துரை காலில் விழுந்ததாம். மரியாதை சொல்லிக்கொடுத்த கதையாம்.

விழவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. நாங்கள் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகள் எல்லாம் அவர் கையில்தான்.

அவர் சொன்ன கதை இதுதான். ஆயா வேலைக்கு ஆள் கிடைக்காமல் ஒரு தோட்டத்தில் குரங்கைப் போட்டார்களாம். அது எல்லாத் தொட்டிலையும் ஒரே கயிற்றில் கட்டி, வாலால் இழுத்து ஆட்டிக்கொண்டே தூங்குமாம். பிள்ளைகளின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பூனையைக் கைகாட்டுமாம்.

ஒருநாள் துரை செக் பண்ண வந்தார். குரங்கு அவரையும் தூக்கித் தொட்டிலில் போட்டு, வாயில் சூப்பியைத் திணித்து ஆட்டியது. துரை குறட்டை விட்டார். கதை முடிந்தது.

பத்து மணிக்குப் பால் கொடுக்கப் போகும் நாங்களும் நின்று கேட்போம். கொழுந்து மலைக்கு லேட்டாகப் போய் ஏச்சு வாங்குவோம்... பரவாயில்லை.

ஒரு ஆள் இந்தக் கதையை ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டது. யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் போஸ்டைப் போட்டதும் அதே ஆள்தான். இதையும் படிக்கட்டும்.

ஆபீஸ் கிளாக்கர் அக்காவைக் கூப்பிட்டார். குரங்கு துரையிடம் மன்னிப்புக் கேட்பது போல் கதையை மாற்று, இல்லாவிட்டால் ஆயா வேலை கிடையாது என்றார். நான் லீவு கேட்க வாசலில் நின்றேன். அக்கா சொன்ன பதிலை என் காதாலேயே கேட்டேன்.

"குரங்குக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா. வேணும்னா நான் கேட்டுக்கிறேன்."

புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர் சொன்னது இது.

மறுநாள் அவருக்குக் கூடையைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். முழங்கால் வலியோடு ஏறினார். கதையை மாற்றவில்லை.

அடுத்த நாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நாங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றோம். புது ஆயாவிடம் விட மாட்டோம் என்றோம். கங்காணி பேர் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் கத்தினார்கள். அவருக்கே அவர் குரல் கேட்டிருக்காது.

மூன்று நாள் அப்படியே நின்றோம். நாலாம் நாள் அக்கா பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினார். கதையில் துரை மறுபடியும் தொட்டிலுக்குப் போனார்.

நாளைக்கு அடக்கம். லயத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். அவர்களை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லப் போகிறேன், சூப்பியோடு சேர்த்து. பிடிக்காதவர்கள் ஆபீசுக்குப் போகட்டும்... வழி தெரியும்தானே.

நீங்க போங்க அக்கா. குரங்கை நான் பார்த்துக்கிறேன்.