ஷேடு சேராத பாலைவனம்

"பாலைவனம் சனிக்கெழமைக்குள்ள வேணுமுங்க தம்பி" என்றார் முதலாளி. ரெண்டு டஜன் பனியன் கேட்பது போலத்தான் கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் போட்டோகிராபர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பனியனை மேசையில் விரித்து, சுருக்கம் நீவி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுப்பேன். அவ்வளவுதான் வேலை.

எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையர் ஒருவர் டீ-ஷர்ட்டின் மார்பில் அச்சடிக்க ஒரு படம் கேட்டிருந்தார். பாழடைந்த கட்டடத்தின் ஜன்னல், அதற்கு அப்பால் பாலைவனம். மாதிரிக்கு ஏதோ பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து அனுப்பியிருந்தார். எனக்கு ஒரே குஷி. பனியன் இல்லாத ஒரு நல்ல படமாவது வாழ்க்கையில் எடுத்துவிட வேண்டும் என்று அப்போது ஒரு வெறியே இருந்தது. ராஜஸ்தானுக்கு எப்போது ரயில் என்று விசாரித்தும் வைத்துவிட்டேன்.

"ராஜஸ்தானா? எதுக்குங்க? நெருப்பெரிச்சல் ஊருப் பக்கம் பஞ்சு ஜின்னிங் ஃபேக்டரி மூடித்தானுங்களே கெடக்குது. ஜன்னலுக்கா பஞ்சம்? வெளிய ரெண்டு லோடு மணல் அடிச்சாப் போச்சு" என்றார் முதலாளி.

மணல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே மேடு மேடாகக் குவித்தோம். துணிக்குச் சாயம் போடும் எங்கள் டையிங் மாஸ்டர் பத்திரிகைப் பக்கத்தையும் மணலையும் வெயிலில் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஷேடு சேரலீங்க. கலர்ல நம்ம மணல் டல்லுங்க."

"சாம்பிள் மாதிரி இல்லீன்னா ரிஜெக்ட் ஆயிருமுங்களே மாஸ்டர். சாயம் போடுங்க" என்றார் முதலாளி.

திருப்பூரில் சாயத்துக்குத் தப்பிய பொருள் எது? மாஸ்டர் மஞ்சளைக் கரைத்து, கொஞ்சம் சிவப்பு சேர்த்து, பூவாளியால் தெளித்தார். காய்ந்ததும் பாலைவனம் ரோஸ் அடித்தது. சனிக்கிழமைக்குள் மாற்ற நேரமில்லை. மாதிரிப் படத்தின் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி வேறு இருந்தது. அச்சுக்கோளாறாக இருக்கும் என்றேன்.

"என்னவா இருந்தா நமக்கென்னங்க? சாம்பிள்ல இருக்குதல்ல? இருக்கோணும்."

சொல்லிவிட்டு, கறுப்புத் துணித்துண்டு ஒன்றை மூங்கில் நுனியில் கட்டி முதலாளியே தூக்கிப் பிடித்தார். பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடுகள் மணல்மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தன. அவற்றை விரட்டி விரட்டிப் படம் எடுத்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

படம் அப்ரூவல் ஆகிவிட்டது. டீ-ஷர்ட்டும் அங்கே சக்கைப்போடு போட்டது. அடுத்த சீசனுக்கு அதே பாலைவனத்தில் இன்னும் ஆறு ஜன்னல் வேண்டும் என்று ஃபேக்ஸ் வந்தது. அதற்குள் எங்கள் பாலைவனம் வேலம்பாளையத்தில் முதலாளியின் புது ஷெட்டுக்குப் பூச்சுவேலைக்குப் போயிருந்தது.

"பெரிய ஆர்டருங்க. இந்தத் தடவ ஒரிஜினலே எடுத்துட்டு வந்துருங்க தம்பி" என்று டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்.

ஜெய்சல்மேருக்கு அப்பால், ஆளில்லாத ஊர் ஒன்று. கூரை விழுந்த வீடு, கதவு போன ஜன்னல். எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். கேமராவை எடுக்கவே மறந்து நின்றேன். பிறகு ஊரெல்லாம் சுற்றி, இருந்த ஃபிலிம் ரோல் அத்தனையும் தீர எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படங்கள் அவைதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

படங்கள் ஜெர்மனிக்குப் போயின. பதில் ஃபேக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க, என்ன சொல்றாருங்க?"

"ரிஜெக்ட்டுங்க தம்பி. ஷேடு சேரலையாமா. பாலைவனம்னா போன தடவ மாதிரி ரோஸா இருக்கோணுமாமா."

அவர் மணல் லாரிக்குப் போன் போட்டார். ஆறு ஜன்னலையும் ஜின்னிங் ஃபேக்டரியிலேயே எடுத்தேன். ஆறும் பாஸ்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சண்டை போடுவதென்றால் முதல் சாம்பிளிலேயே போட்டுவிடுங்கள். பொய் ஒருதரம் அப்ரூவல் ஆகிவிட்டால், அப்புறம் உண்மைதான் ரிஜெக்ட் ஆகும்.