முதல் கை

எங்கள் மாநகராட்சியில் தையலக்காவுக்கு ‘முதல் கை’ என்று பட்டப்பெயர். துணி தைத்துப் பிழைத்தவரைக் கூப்பிட்டுக் கவுன்சிலர் ஆக்கியது கட்சி. அந்த நன்றியை அக்கா மறக்கவில்லை. சபையில் கட்சித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ‘ஆதரி’ என்று அர்த்தம். முன்வரிசையில் அக்காவின் கை விருட்டென்று உயரும். பின்வரிசை மகானுபாவர்கள் தலைவரைப் பார்ப்பதே இல்லை. அக்கா தூக்கினால் பாதித் தூக்கத்தில் தாங்களும் தூக்குவார்கள். தீர்மானம் எதைப் பற்றி என்று டீ குடிக்கும்போது விசாரித்துக்கொள்வார்கள்.

இந்த முறை, அக்கா வார்டிலிருந்த பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துக் கடைகள் கட்டத் தீர்மானம். அடுத்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். வலி வந்தவள் பாலத்து நெரிசலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாளா?

“தலைவலின்னு சொல்லி வீட்டுலயே இரேன்” என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

“எனக்குத் தலைவலி இல்லையே” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனார் அக்கா.

“அண்ணே, இதுக்கு நான் கை தூக்க மாட்டேன்.”

தலைவர் சிரித்தார். “உன் ஒரு கை இல்லன்னா தீர்மானம் நின்னுடுமா, தங்கச்சி? ஆனா கட்சில உனக்கு இடமில்ல. கட்சி இல்லன்னா நீ யாரு?”

“தையல்காரிண்ணே. அது கட்சி குடுத்த வேலை இல்லையே.”

சபை கூடிய அன்று பார்வையாளர் பெஞ்சில் நானும் இருந்தேன். “ஆதரிப்பவர்கள்?” என்றார் மேயர். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பழக்கதோஷத்தில் அக்காவின் வலது தோள் துள்ளியது. இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையும் அசையவில்லை. தலைவர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், துடைத்தார். ம்ஹூம்.

“எதிர்ப்பவர்கள்?”

எதிர்க்கட்சிக்காரர்களுக்கு முன்பே அக்காவின் கை விருட்டென்று உயர்ந்தது. அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கைகள்! தீர்மானம் தோற்றது.

“ஏன்யா தூக்கினீங்க?” என்று வெளியே தலைவர் கத்தினார்.

“அக்கா தூக்கினாங்களே, தலைவரே!”

அன்று சாயங்காலமே கட்சி ஆபீசில் அக்காவை நீக்கத் தீர்மானம் வந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் பழைய ஞாபகத்தில் முன்வரிசையைப் பார்த்தார்கள். நாற்காலி காலி. “தூக்கித் தொலைங்கய்யா!” என்று அவரே அதட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த தேர்தலில் அக்கா தனியாக நிற்கிறார். கட்சி தோற்கடிக்கலாம், தோற்கடிக்கட்டும். ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது.