வேண்டாம் என்று விட்ட 291 அடி

என் தங்கை கொரினைக் கட்டிய ராய்ஸ் கெல்லரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பிறகு சிரிப்பு வரும். இருபத்தாறு வருடமாக இரண்டும் மாறி மாறித்தான் வந்துகொண்டிருக்கின்றன.

ஆள் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. ஆனால் ஓரிடத்தில் இருக்க அவனால் முடியாது. சாப்பாட்டு மேசையில் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவான். தேவாலயத்தில் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில்தான் உட்காருவான். வான்கோழிப் பண்ணை, கேரவன் தொழிற்சாலை, கிணறு தோண்டும் கம்பெனி, கூரை வேலை, நெடுந்தூர லாரி என்று இண்டியானாவுக்குள் அவன் பார்க்காத வேலை இல்லை. எங்கேயும் அவனைத் துரத்தியதில்லை. அவனாகத்தான் விட்டுவிட்டு வருவான். "அங்க ஒண்ணுமில்ல மச்சான். இதைவிட நல்லதா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்" என்பான். அந்த நல்லது எப்போதும் அடுத்த ஊரில்தான் இருக்கும்.

வேலை மாறும்போதெல்லாம் வீடும் மாறும். பிள்ளைகள் இல்லாததால் மூட்டை கட்டுவது சுலபமாகப் போயிற்று. கொரினுக்கு ஆஸ்பராகஸ் என்றால் உயிர். அது நட்ட மறுநாள் பறிக்கிற கீரை இல்லை. இரண்டு வருடம் கைவைக்காமல் விட்டு, மூன்றாம் வருட வசந்தத்தில்தான் தண்டை வெட்ட வேண்டும். நான்கு வீடுகளில் அவள் பாத்தி கட்டி நட்டாள். நான்கிலும் வேறு யாரோ வெட்டிச் சாப்பிட்டார்கள். ஐந்தாவதாக எங்கள் தெருவுக்கே வந்தார்கள். அந்த வீட்டில்தான் முதன்முறையாக அவள் தன் கையால் வெட்டினாள். வெண்ணெயில் வதக்கி ஒரு தட்டில் எனக்கும் கொண்டுவந்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

இந்த வீட்டில் அவன் தங்கியதற்கு ஸ்லெட் இழுப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் மாவட்டக் கண்காட்சியில் ஜூலை மாதம் பிக்கப் வண்டிகளை வைத்து அந்தப் போட்டி நடக்கும். மண் பாதையில் ஸ்லெட் என்கிற கனத்த இரும்புச் சறுக்குத் தளத்தை வண்டியின் பின்னால் கொக்கி போட்டு மாட்டுவார்கள். வண்டி நகர நகர ஸ்லெட்டின் மேலிருக்கும் எடைப்பெட்டி முன்னால் ஊர்ந்து வந்து அழுத்தும். கடைசியில் எந்த வண்டியும் நின்றே ஆக வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. பெரிய எஞ்சின் வைத்துப் புகை கக்கும் வண்டிகள் தனி. ராய்ஸ் இறங்கியது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளின் பிரிவு. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற டீசல் பிக்கப்பைத்தான் கொண்டுவருவான்.

முதல் கோடையில் டயர் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டி நூற்று நாற்பது அடியில் நின்றான். இரண்டாம் கோடையில் கொக்கியை விதியைவிட ஓரங்குலம் உயரமாக வைத்திருந்தான் என்று நானே நாடாவைப் பிடித்து அளந்து வெளியே அனுப்பினேன். நான் ஊர்த் தானியக் கிடங்கில் எடை போடுகிறவன். கண்காட்சியிலும் வண்டிகளை எடை போட்டுக் கொக்கி அளப்பது என் வேலை. ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க டயரில் எவ்வளவு காற்று வைப்பது, எந்தக் கியரில் கிளப்புவது என்று அதிலேயே கிடந்தான். ஒரே விஷயத்தை அவன் அடுத்த வருடமும் செய்து பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மூன்றாம் கோடையில்தான் மேற்கே ஆயிரம் மைலுக்கு அப்பால் வயோமிங்கிலிருந்து அழைப்பு வந்தது. காற்றாலை நிறுத்தும் வேலை. கொரின் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நீ போறதுன்னா போ. நான் வரலை. இந்தத் தடவை நிஜமாவே வரலை." அவனோ, கண்காட்சி முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றானாம்.

போட்டியன்று மத்தியானம் அவன் வண்டி என் எடைமேடையில் ஏறியது. பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான். கட்டாத சாமான் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்பது விதி.

"தார்ப்பாயை எடு மாப்ளே" என்றேன்.

"சும்மா கொஞ்சம் சாமான்தான் மச்சான்."

"அதைத்தான் எடுக்கச் சொல்றேன்."

கருவிப்பெட்டி வந்தது. படுக்கைப் பை வந்தது. மடக்குக் கட்டில், தண்ணீர்க் கேன், இரண்டு பெட்டித் துணி. கடைசியில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டு.

"ஜூலை மாசத்துல இது எதுக்கு? ஸ்லெட்டுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. யோசிப்பதெல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மைதானத்திலிருந்தே கிளம்பிப் போய்விடுவதாகத்தான் திட்டம்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

"எப்போ? வயோமிங் போயி தபால்லயா?"

"கத்தாதே மச்சான், எல்லாரும் பார்க்கிறாங்க."

எடையைக் குறித்துச் சீட்டைக் கொடுத்தேன். அவனை அங்கேயே ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. பதிலாக, தீயணைப்புப் படைக்காரர்கள் அங்கே போட்டிருந்த கடையில், பழம் வைத்துச் சுட்ட ‘பை’ விற்றுக்கொண்டிருந்த கொரினிடம் போனேன். சொன்னேன். செர்ரி பை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை.

"குளிர் கோட்டையுமா எடுத்து வெச்சிருக்கான்?"

"ஆமா."

"அப்போ டிசம்பருக்கும் திரும்ப மாட்டான்" என்றாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு என்னோடு வேலி ஓரத்துக்கு வந்தாள்.

சீட்டுக் குலுக்கலில் ராய்ஸுக்கு ஒன்றாம் எண் வந்திருந்தது. அந்த எண்ணை யாரும் விரும்ப மாட்டார்கள். முதல் வண்டியை வைத்துத்தான் ஸ்லெட்டின் கனம் சரியா, மண் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு ஈடாக அவனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தன் தூரம் போதாது என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் முடித்தபின் கடைசி ஆளாக மறுபடி இழுக்கலாம். ஆனால் பழைய தூரம் அழிந்துவிடும், இரண்டாவதுதான் கணக்கு. ஸ்லெட்டிலிருந்து கொக்கியைக் கழற்றுவதற்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும்.

பச்சைக்கொடி இறங்கியது. சங்கிலி விறைக்கும் வரை மெதுவாக நகர்த்தி, பிறகு அழுத்தினான். கிளப்பியதிலிருந்து ஒரு குலுங்கல் இல்லை. நாலு சக்கரமும் மண்ணைக் கடித்துக்கொண்டு போயின. இருநூறு, இருநூற்று ஐம்பது. எடைப்பெட்டி முன்னால் வந்து முட்டிய பிறகும் வண்டி முக்கி முக்கி இன்னும் கொஞ்சம் போனது. ஒலிபெருக்கி "இருநூற்றுத் தொண்ணூற்றொன்று" என்றது. இழுக்கும் பாதையின் முழு நீளமே முந்நூறு அடிதான். நான் என்னை மறந்து கத்திவிட்டேன். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

கொடிக்காரி வான்டா அவன் ஜன்னலுக்குப் போனாள். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், எல்லோரையும் மிரட்டிப் பேசுவாள்.

"வெச்சுக்கிறியா, விடறியா?"

"இன்னும் இருக்கு வான்டா. கியரைக் கொஞ்சம் தாமதமா மாத்திட்டேன். வண்டியில இன்னும் இருக்கு."

"எனக்கு உன் கதை வேணாம். வெச்சுக்கிறியா, விடறியா?"

நான் வேலியில் ஏறி நின்று, "வெச்சுக்கோடா மடையா!" என்று அலறினேன். பக்கத்தில் கொரின் அசையாமல் நின்றாள். "அவன் விட்டுடுவான் அண்ணே. எதை வெச்சிருந்தான், இதை வெச்சுக்க?" என்றாள்.

விட்டுவிட்டான்.

பிறகு பதின்மூன்று வண்டிகள் இழுத்தன. அந்த ஒன்றரை மணி நேரம் அவன் உட்காரவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்தான், டயரை உதைத்தான், பானட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ஒலிபெருக்கி ஒவ்வொரு தூரமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. இருநூற்று அறுபது. இருநூற்று எழுபத்தேழு. அதிகபட்சம் இருநூற்று எண்பத்து நான்கு. அவன் மட்டும் வைத்துக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் கோப்பை அவன் கையில்.

கடைசியாக அவன் முறை வந்தது. இந்தத் தடவை கிளப்பியதே முரட்டுத்தனமாக இருந்தது. நூற்றுத் தொண்ணூறு அடி தூரத்தில் வண்டிக்குக் கீழிருந்து படார் என்று ஒரு சத்தம், அதன்பின் இரும்பு இரும்பை அரைக்கும் சத்தம். பின் ஆக்சிலில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் கிரவுன் பல்சக்கரம் நொறுங்கிவிட்டது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. வான்டா சிவப்புக்கொடியைத் தூக்கினாள். டிராக்டர் வந்து வண்டியை இழுத்துப்போய், என் எடைமேடைக்குப் பக்கத்தில், அவன் சாமான்கள் கிடந்த புல்தரையில் விட்டது.

ராய்ஸ் இறங்கி வந்து கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். வண்டி இல்லாமல் எங்கே போவான் என்று நினைத்தேன்.

கொரின் வந்தாள். கைப்பையைத் துழாவித் தன் கார் சாவியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தா."

"எதுக்கு?"

"வயோமிங்குக்கு."

"பைத்தியமா உனக்கு?" என்று நான் குறுக்கே போனேன்.

"நீ சும்மா இரு அண்ணே." அவள் அவனையே பார்த்தாள். "வண்டி உடைஞ்சதாலதான் ராய்ஸ் இங்க கிடக்கான்னு யாரும் சொல்லக் கூடாது. முக்கியமா நீ சொல்லக் கூடாது. பத்து வருஷம் கழிச்சு, அந்த கிரவுன் மட்டும் உடையாம இருந்திருந்தா போயிருப்பேன்னு நீ ஜன்னல் பக்கம் நின்னு பெருமூச்சு விட்டா அதை என்னால கேக்க முடியாது. போகணும்னா போ. என் காரை எடுத்துக்கிட்டே போ."

அவன் சாவியை வாங்கிக்கொண்டான். கோட்டை எடுக்கவில்லை, பெட்டியை எடுக்கவில்லை. நேராக நடந்து போய்க் காரில் ஏறினான். கார் வரிசையிலிருந்து வெளியே வந்து வாசல் பக்கம் போனது. நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். கொரின் எடைமேடையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்திருந்தது.

வாசலில் கார் நின்றுவிட்டது. பின்னால் நாலைந்து வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. டிக்கெட் கிழிப்பவர் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். கார் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அது ஓரமாக ஒதுங்கியது. ராய்ஸ் இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எனக்குப் போகணும்னுதான் இருக்கு, கொரின். இப்பவும் இருக்கு. நாளைக்குக் காலையிலயும் இருக்கும். அது என்னை விட்டுப் போகாது போல."

"தெரியும்."

"ஆனா நான் போகலை."

"இன்னிக்குச் சொல்ற."

"இன்னிக்குத்தான் சொல்ல முடியும்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். "அப்போ தினமும் சொல்லணும். முடியுமா?"

"தினமுமா?"

"தினமும்."

அவன் புல்லைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "சரி" என்றான்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றும் அவன் தினமும் "போகலை" என்று சொல்வதாகக் கொரின் சொல்கிறாள். பெரும்பாலும் காலைக் காபியோடு சொல்லிவிடுவானாம். சில நாள் அது அவன் வாயிலிருந்து வர மத்தியானம் ஆகிவிடும். அதுவரை அவள் கேட்பதில்லை.