பருத்தித் துணியில் அண்ணன் முகம்

அண்ணன் வாங்கிய மெஷின் எட்டு மாதம் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. டீசர்ட்டில் படம் பதிக்கிற மெஷின். பிரிண்டரில் படத்தைத் தாளில் எடுத்து, துணி மேல் வைத்து, சூடாக அழுத்தினால் படம் துணிக்கு ஏறிவிடும். தறிச் சத்தத்தில் காது போனதுதான் மிச்சம், இனி இதைப் பண்ணலாம் என்று சொல்லியிருந்தான். அது வந்த அடுத்த வாரம் பைபாஸில் லாரி மோதிச் செத்துப்போனான்.

நான் பத்தாவது பெயில். போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பாதி வீடியோ இந்தி. பேச்சு புரியாது, கையை மட்டும் பார்ப்பேன்.

முதல் ஆர்டர் அண்ணனுடைய கபடி டீம். அவன் போய் ஒரு வருசம் ஆகிறது என்று மேட்ச் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு டீசர்ட், நெஞ்சில் அண்ணன் முகம்.

"மூஞ்சியப் பெருசாப் போடு புள்ள," என்றார் கேப்டன். "எப்பவும் எங்களத் தள்ளிட்டு முன்னாடி நிப்பான். இப்பவும் நிக்கட்டும்."

சிரித்தோம்.

படமில்லாத டீசர்ட் எடுக்க ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோடு போனேன்.

"பிரிண்டு போடவாங்க? பாலியஸ்டர் எடுத்துக்குங்க," என்றார் கடைக்காரர்.

"தறிக்காரன் ஊட்டுப் புள்ளைக்கே துணி சொல்லித் தாரீங்களாக்கும்?"

"நானொண்ணும் சொல்லலீங்க தாயி." சிரித்துக்கொண்டே பருத்தியை எடுத்துப் போட்டார்.

எங்கள் வீட்டில் பாலியஸ்டரை ஒருத்தரும் மதிக்க மாட்டோம். வேர்வை குடிக்காது. அண்ணன் முகத்தை அதிலா போடுவது?

முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்தது. ஆனாலும் அவனேதான், பல்லிடுக்கு வரைக்கும். அம்மாவுக்கென்று ஒன்று கூடுதலாக அடித்துக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மொடமொடங்குது சாமி. கஞ்சி போக ஒரு தண்ணி அலசிட்டு வாரேன்."

புதுத்துணியை அலசாமல் எங்கள் வீட்டில் உடுத்துவதில்லை. நானும் தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கத்தினாள். "சாமி, ஓடியா! போறான், என்ற புள்ள போறான்!"

வாளித் தண்ணீர் கலங்கியிருந்தது. டீசர்ட்டில் முடி மட்டும் லேசாக நின்றது. கண்ணைக் காணோம். அந்த மை பாலியஸ்டரில்தான் பிடிக்கும் என்று அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "நாந்தான் கை வெச்சிருக்கக் கூடாது" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தப்பு என்னுடையது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற விடவில்லை.

விடிந்தால் மேட்ச். வேறு துணி வாங்கி அடிக்க நேரமில்லை. கேப்டனிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"தொவைக்காமப் போட்டுக்கறோம் புள்ள. உடு, அழுவாத."

போட்டுக்கொண்டுதான் ஆடினார்கள். பன்னிரண்டு அண்ணன்கள் மண்ணில் விழுந்து எழுந்தார்கள். நான் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டு வீட்டிலும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வேர்வையும் மண்ணுமாக வந்த துணியை எந்த அம்மா துவைக்காமல் வைப்பாள்?

யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. போன வாரம் கேப்டன் வீட்டுக் கொடியில் ஒன்று காய்ந்தது. நெஞ்சில் ஒரு மங்கல் கறை. தெருவில் போன ஒருத்தருக்கும் அது யாரென்று தெரிந்திருக்காது.