பலகையில் இருக்கும் மிசஸ் பாஸ்கோ

இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் அந்தப் புல்தரை டென்னிஸ் போட்டி தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. உலகப் போர் முடிந்த மறுகோடையில் பெண்கள் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனவள் ஹெஸ்டர். இடது கை ஆட்டக்காரி. ஆனால் கிளப் சுவரில் மாட்டியிருக்கும் சாம்பியன் பலகையில் ஹெஸ்டரைத் தேடினால் கிடைக்கமாட்டாள். கல்யாணமானவளுக்குப் புருஷன் பெயரைத்தான் எழுதுவார்கள். 'மிசஸ் எல். பாஸ்கோ' என்று தங்க எழுத்தில் மின்னுகிறது.

லெனர்ட் பாஸ்கோ பிறகு அவளை விவாகரத்து செய்துவிட்டு ஆட்ரியைக் கட்டிக்கொண்டான். பலகையில் பெயரை மாற்றச் சொல்லி ஹெஸ்டர் கேட்டபோது கிளப் செயலாளர், "இதென்ன கூத்து ஹெஸ்டர்? உனக்காக ஊர் வழக்கத்தை மாத்தணுமா?" என்று எரிந்து விழுந்தார். இப்போது அதே கிளப்பின் தேநீர்ப் பந்தலில்தான் அவளுக்குப் பிழைப்பு.

இந்த வருஷம் இறுதி ஆட்டத்தன்று, லெனர்டோடு பந்தலுக்கு வந்த ஆட்ரியை, பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட வெளியூர்க்காரர் ஒருவர் மடக்கினார்.

"அடேயப்பா! பலகையில இருக்கிற மிசஸ் பாஸ்கோ நீங்கதானா?"

ஆட்ரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அதெல்லாம் பழைய கதைங்க, விடுங்க."

ஹெஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தக் கையால ஆடுவீங்க மேடம்?"

"இதென்ன கேள்வி? எல்லாரையும் போல வலது கையாலதான்."

ஹெஸ்டர் இடது கையால் தேநீர் ஊற்றினாள். அங்கே நின்றவர்களில் அந்தக் கையை அறிந்தவன் லெனர்ட் ஒருவன்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்மா," என்றான், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல.